கடந்தவரும் கடத்தப்பட்டவரும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே செல்லும் சாலை கல்வராயன் மலையின் அடிவாரத்தை நெருங்கும் இடத்தில் கச்சிராயபாளையம் என்னும் ஊர் இருக்கிறது. அருகே கோமுகி ஆற்றின் அணை. சுற்றிலும் கரும்பு வயல்கள். நிமிர்ந்து நோக்கினால் நீல நிறத்தில் மலைத்தொடர். அவ்வூரின் பெயரைச் சற்றே பிரித்துப் பாருங்கள். கச்சி, இராயர், பாளையம் என மூன்று சொற்கள் கிடைக்கும். பாளையம் என்பது படை தங்கிய இடம். இராயர் என்பது அரசர். கச்சி என்பதோ காஞ்சிமாநகரின் பழம்பெயர். காஞ்சிக்கும் இவ்வூருக்கும் இடையே எத்தனை ஊர்கள், எத்தனை ஆறுகள்! அவ்வளவையும் தாண்டி வந்து ஒரு மலையடிவாரத்தில் கச்சி என்ற பெயர் குடியேறியிருக்கிறது.

கச்சியராயன், கச்சிராயன் என்பன பழைய பட்டப்பெயர்கள். நடுநாடு எனப் பெயர்பெற்ற இப்பகுதியை ஆண்ட காடவர் குலத் தலைவர் சிலர் இப்பட்டத்தைத் தாங்கியிருந்தனர் எனக் கல்வெட்டுகளால் அறிகிறோம். காடவர்கள் தம்மைப் பல்லவர் வழிவந்தோர் என்று கூறிக்கொண்டவர்கள். பல்லவர் காஞ்சியைச் சோழரிடம் இழந்தது ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அதன்பின் சில நூற்றாண்டுகள் கழித்தும், கையில் இல்லாத கச்சியைப் பெயரில் வைத்துக்கொண்டு அவர் வழியினர் எனப்பட்டோர் வாழ்ந்தனர். இழந்த ஊரைப் பெயரில் சுமப்பது மனிதர்க்கு இயல்பு போலும்.

இனி மலைமேல் ஏறுவோம். அங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள நாட்டாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளல் ஆகாது. மலையில் வாழ்வோர் என்பதே இங்குப் பொருள். இவர்களும் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்றே கூறுகின்றனர். உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு வந்து வெவ்வேறு மலைகளில் தங்கினர் என்றும், கரிராமன் என்னும் தெய்வம் அவர்களோடு வந்தது என்றும் அவ்வரலாறு பலவாறாக வழங்குகிறது. 1906ஆம் ஆண்டு வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியிலும் இது குறிக்கப்பட்டுள்ளது. வந்தவர்களுக்கு முன் அம்மலையில் வேடர்கள் இருந்தனர் என்றும் அக்கதை சொல்கிறது. வந்தவர் கதையை வந்தவரே சொல்கின்றனர். இருந்தவர் சொன்ன கதை நமக்கு எட்டவில்லை.

மாணவ அன்பர்களே! இம்மலைமக்களின் முன்னோரை நாடு கடத்தப்பட்டோர் என்று சொல்லலாமா? நாட்டைத் துறந்தோர் என்பதா? புலம்பெயர்ந்தோர் என்பதா? தேர்வுத்தாளில் எதை எழுதினாலும் ஒன்றுதானே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஒன்றன்று. இச்சொற்களுள் ஒவ்வொன்றும் ஒருவரைக் குற்றவாளி ஆக்குகிறது. அல்லது குற்றத்திலிருந்து விடுவிக்கிறது.

முதலில் இலக்கணத்தைக் கேட்போம். நாம் மிகுதியாக வழங்கும் 'கடத்தல்' என்ற சொல் இருமுகம் கொண்டது. 'கட' என்னும் வினையடியிலிருந்து வந்தால் அது தன்வினை. ஒருவர் தாமே தாண்டிச் செல்லுதல். 'கடத்து' என்னும் அடியிலிருந்து வந்தால் அது பிறவினை. ஒருவரைப் பிறர் தாண்டச் செய்தல். ஆறு கடத்தல் என்பதில் கடப்பவன் நான். நாடு கடத்தல் என்பதிலோ கடத்துகிறவன் அரசன், கடக்கிறவன் குடிமகன். இருவர் செயலையும் ஒரே வடிவம் மூடிவைத்திருக்கிறது. 'அவர் நாடு கடந்தார்' என்று எழுதினால் கடத்தியவர் மறைந்துவிடுகிறார். 'அவர் நாடு கடத்தப்பட்டார்' என்று எழுதினால், யாரால் என்னும் கேள்வி உடனே எழுகிறது. எழ வேண்டும்.

'புலம்பெயர்தல்' முழுதும் தன்வினை. இன்று அச்சொல்லைக் கேட்டதும் துயரம் தோன்றுகிறது. பண்டு அவ்வாறில்லை. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, பல நாட்டு மக்கள் புலம்பெயர்ந்து வந்து அங்கே ஒன்றாகக் கலந்து இனிது வாழ்ந்ததைக் கூறும்போது இச்சொல்லை ஆள்கிறது. அவர்கள் கப்பலில் சரக்கோடு வந்தவர்கள். வேண்டும்போது ஊர் திரும்பக்கூடியவர்கள். மீளும் வழி திறந்திருந்தவரையில் அச்சொல்லில் கண்ணீர் இல்லை.

மீளும் வழி அடைபட்டவர் நிலை யாது? அதற்கும் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, தென்பெண்ணை ஆற்றங்கரையில் திருக்கோவலூர் இருக்கிறது. பறம்புமலைத் தலைவன் வேள் பாரி மூவேந்தரால் மாண்டபின், அவனுடைய நண்பர் கபிலர், தந்தையற்ற பெண்களை அழைத்துக்கொண்டு மலையைவிட்டு இறங்கினார். பின்னே திரும்பிப் பறம்பை நோக்கி நோக்கி அவர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. விச்சிக்கோவிடம் சென்று அப்பெண்களை மணந்துகொள்ள வேண்டினார்; அவன் இசையவில்லை. இருங்கோவேளிடம் சென்றார், அவனும் மறுத்தான். தோற்றவன் மக்களை ஏற்பது வென்றவரைப் பகைப்பதாகும் என்று அவர்கள் எண்ணினார்களோ, என்னவோ! நாட்டை இழந்தவர்க்கு முதல் துன்பம் இழந்த இடத்தில். இரண்டாம் துன்பம் சென்று நின்ற வாயில்களில்.

பாரி மகளிர் பாடியதாக ஒரே ஒரு பாடல் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஐந்து அடிகளே உடையது. அதில் நாடு என்ற சொல் இல்லை. அரசு, ஆட்சி, செல்வம் எவையும் அவர்கள் இழந்தவையாகக் கூறப்படவில்லை. இழந்தவை இரண்டு: தந்தையும் குன்றும். சென்ற முழுநிலவுக்கும் இந்த முழுநிலவுக்கும் இடையே அவை போய்விட்டன. யாரிடம் போயின என்பதை மட்டும் அவர்கள் மறவாமல் சொல்கிறார்கள். வென்ற வேந்தர் அப்பாட்டில் எழுவாயாக நிற்கின்றனர். பிறவினையின் இலக்கணம் அப்பெண்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது!

இவ்வரலாறு எங்கே முடிகிறது? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று திருக்கோவலூர் வீரட்டானக் கோயிலில் பொறிக்கப்பட்டது. கபிலர் பாரியின் பெண்ணை மலையமான் குலத்தார்க்கு அளித்துவிட்டுத் தீயிற் புகுந்தார் என்று அது கூறுகிறது. பெண்ணை ஆற்றின் நடுவே உள்ள பாறையை மக்கள் இன்றும் கபிலர் குன்று என்கின்றனர். சங்கப் பாடலின் பின்குறிப்போ அவர் வடக்கிருந்தார் என்கிறது. எவ்வாறாயினும், அக்கல்வெட்டு அவளை 'அடைக்கலப் பெண்' என்று குறிப்பது நம் கவனத்திற்குரியது. இது மூன்றாம் சொல். கடத்தியவர்க்கு ஒரு சொல், கடந்தவர்க்கு ஒரு சொல் இருப்பதுபோல, ஏற்றவர்க்கும் ஒரு சொல் தமிழில் உண்டு.

இந்தச் சொல் வேறுபாடுகள் நமக்கு மட்டும் உரியன அல்ல. உரோமாபுரிப் பேரரசன் அகஸ்டஸ், கி.பி. 8ஆம் ஆண்டில் ஒவிட் என்னும் கவிஞரைக் கருங்கடற் கரையிலுள்ள தோமிஸ் என்ற ஊருக்கு அனுப்பினான். உரோமச் சட்டத்தில் எக்சிலியம் என்பது ஒன்று, ரெலெகாட்டியோ என்பது மற்றொன்று. முன்னதில் குடியுரிமை பறிபோகும். பின்னதில் இருக்கும் இடம் மட்டும் கட்டளையிடப்படும். சொத்தும் குடியுரிமையும் நிற்கும். தமக்கு வாய்த்தது பின்னதே என்று ஒவிட் தம் பாடல்களில் வற்புறுத்துகிறார். பனிக்காற்றில் நடுங்கிக்கொண்டே சொற்பொருள் ஆராய்ச்சி செய்தார் என்று நாம் நகைக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லில்தான் அவர் இன்னும் உரோமர் என்பது தங்கியிருந்தது. கடைசிவரை திரும்ப இயலாமல் அங்கேயே மாண்டார்.

நம் இதிகாசங்களில் வரும் வனவாசத்திற்கு எண் உண்டு. இராமனுக்குப் பதினான்கு ஆண்டுகள். பாண்டவர்க்குப் பன்னிரண்டும், மறைந்து வாழும் அஞ்ஞாதவாசம் ஓராண்டும். நாள் குறித்த துயரம் அது. பதினான்காம் ஆண்டின் இறுதி நாளை எண்ணி ஒருவன் காத்திருக்கலாம். நம் கிராமங்களில் ஊர்விலக்கு என்றொரு கொடுமை உண்டு. அதில் ஒருவர் ஓரடிகூட நகர்வதில்லை. அவர் வீட்டிலேயே இருப்பார். ஊர்தான் அவரைவிட்டுப் போய்விடும்.

எண்ணும் இல்லாத, மீளும் வழியும் இல்லாத நாடு கடத்தல் தென்னாட்டில் பேரளவில் நிகழ்ந்தது 1802ஆம் ஆண்டில். முந்தின ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சின்ன மருது திருச்சிராப்பள்ளியில் வெளியிட்ட அறிக்கை, ஆங்கிலேயரை எதிர்த்து எல்லாச் சாதியாரும் எழுமாறு அழைத்தது. போர் தோல்வியில் முடிந்தது. அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் எஞ்சியோரை என் செய்வது என்று கும்பெனியார் ஆராய்ந்தனர். எல்லாரையும் தூக்கிலிட்டால் நாட்டில் தியாகிகள் பெருகுவர்; சிறையில் வைத்தால் அச்சிறையே ஒரு பாசறையாகும். கடலுக்கு அப்பால் அனுப்பினாலோ அவர்கள் உயிரோடு இருந்தும் இல்லாதவர் ஆவர். 1802 பிப்ரவரியில் 70க்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டனர். கப்பல் சென்றது வேல்ஸ் இளவரசர் தீவு என்று அந்நாளில் ஆங்கிலேயர் வழங்கிய பினாங்குக்கு.

அவர்களுள் சிவகங்கையின் அரசராயிருந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் ஒருவர். அவர் மீளவில்லை. மற்றொருவன், சின்ன மருதுவின் மகன் துரைசாமி. ஏறத்தாழப் பதினைந்து வயதுச் சிறுவன். கைதிகளைக் காவல் செய்து கப்பலேற்றும் பொறுப்பு ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படைத்தலைவரிடம் இருந்தது. காலத்தின் கோலம் என்னவென்றால், போருக்கு முன் அமைதியாயிருந்த நாட்களில் அந்த வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்தவர் சின்ன மருதுவே. ஆசானின் மகனை விலங்கோடு அழைத்துச் செல்லும் கடமை மாணாக்கனுக்கு வந்தது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1818இல், வெல்ஷ் பினாங்குக்குச் சென்றார். முதுமையால் தளர்ந்தவன் போன்ற ஒருவன் அவர் முன் வந்து நின்றான். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகே அவன் துரைசாமி என்று அறிந்தார். கணக்கிட்டுப் பாருங்கள்: அவனுக்கு அப்போது வயது முப்பத்திரண்டைத் தாண்டியிராது. 1830இல் அச்சான தம் நினைவு நூலில் இதை வெல்ஷே எழுதியிருக்கிறார். இந்நிகழ்ச்சி நமக்குத் தெரியவந்தது கடத்தியவர் பக்கத்தார் ஒருவர் மனம் நெகிழ்ந்து எழுதியதால்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உடன் சென்ற மற்றவர்களுள் பலர் நமக்குப் பெயர்ப்பட்டியல் அளவிலேயே மிஞ்சியிருக்கின்றனர்.

இவ்வாறு கடல் கடத்துவதற்கு நம் மக்கள் 'தீவாந்தரம்' என்று பெயரிட்டனர். வேறொரு தீவு என்பது அதன் நேர்ப்பொருள். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இத்தண்டனை இடம்பெற்றது; அந்தமான் அதற்குரிய இடமாயிற்று. ஆனால் சட்டச் சொல் தன் பொருளை மெல்ல மெல்ல இழப்பதையும் வரலாற்றில் காண்கிறோம். 1908இல் திருநெல்வேலியில் வ.உ. சிதம்பரனார்க்கு விதிக்கப்பட்டது இரட்டைத் தீவாந்தரம், நாற்பது ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. அவரோ எத்தீவையும் காணவில்லை. கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் கிடந்து, 1912 டிசம்பரில் வெளிவந்தார். கடலே இல்லாத கோயம்புத்தூரில் ஒருவர் தீவாந்தரம் அனுபவித்தார் என்றால் அச்சொல் எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது! கப்பல் ஓட்டியவரைக் கப்பலேற்றாமலே தண்டித்தார்கள். 1955ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம் 'ஆயுட்காலத் தீவாந்தரம்' என்பதை நீக்கி, 'ஆயுட்காலச் சிறை' என்று மாற்றியது.

அதே 1908ஆம் ஆண்டில் பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். 'பாரதியார் பத்தாண்டுகள் நாடு கடத்தப்பட்டிருந்தார்' என்று மாணவர் சிலர் எழுதக் கண்டிருக்கிறேன். அது பிழை. அவரை யாரும் கடத்தவில்லை. கைதாகாதிருக்கப் பிரெஞ்சு எல்லைக்குள் தாமே புகுந்தார். ஆயினும் அதைத் தன்வினை என்று சொல்லி முடித்துவிடவும் மனம் ஒப்பவில்லை. அந்த எல்லைக்கு இப்பால் காவலர் நின்றனர். 1918 நவம்பரில் அவர் எல்லையைத் தாண்டியவுடன் கைது செய்யப்பட்டுக் கடலூரில் சிறை வைக்கப்பட்டார். சில வாரங்களுக்குப் பின்னரே விடுதலை பெற்றார். கச்சிராயபாளையத்தை உள்ளடக்கிய அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரம் அந்தக் கடலூர்தான். வெளியே போகச் சொல்லும் ஆணை மட்டுமே நாடு கடத்தல் ஆகாது. உள்ளே வரவிடாமல் நிற்கும் காவலும் அதில் பாதி.

நம் நாட்டிலிருந்து கடத்தப்பட்டோரைச் சொன்னோம். நம் நாட்டிற்குள் கடத்தப்பட்டோரும் உண்டு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் உறவினர் வழிவந்தவன். கண்ணுசாமி என்பது இளமைப் பெயர். 1815 பிப்ரவரி 18இல் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்தனர். மறு ஆண்டு குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தனர். 1832 ஜனவரி 30ஆம் நாள் வேலூரிலேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் புதைக்கப்பட்ட இடத்தில் இப்போது முத்துமண்டபம் நிற்கிறது. முன்னோரின் நாட்டுக்கு அவனைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று ஓர் ஆங்கில அதிகாரி வாதிட்டிருந்தால், வரைபடத்தின்படி அது மெய்யாகவே இருந்திருக்கும். அவனுக்கோ அது நாடு கடத்தல்தான்.

இந்த வாதத்தை ஒருவர் கற்பனையில் சொன்னதோடு போகவில்லை. பிற்காலத்தில் லட்சக்கணக்கான ஏழை மக்கள் மீது அது சட்டமாகவே இறங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் சென்றனர். அங்கே காப்பி பயிரிட்டனர். பின்னர்த் தேயிலை பறித்தனர். பேரன் பேத்திகளும் அங்கேயே பிறந்தனர். இலங்கை விடுதலை பெற்றபின் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்நாட்டுக் குடிகளும் அல்லர் என்றாயிற்று. 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் உடன்பாடு செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வது. பின்னர்ப் பார்த்தது 1974இல். ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர்.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பலில் வந்து இறங்கிய இம்மக்களுக்கு அரசாங்கம் சூட்டிய பெயர் 'தாயகம் திரும்பியோர்'. எவ்வளவு இனிமையான பெயர்! ஆனால் இலக்கணத்தைக் கேளுங்கள். திரும்புதல் என்றால் முன்பு இருந்த இடத்திற்கு வருதல். நுவரெலியாவில் பிறந்து, அத்தீவைவிட்டு ஒருநாளும் வெளியேறாத ஒரு பெண், தான் கண்டிராத நீலகிரிக்கு எவ்வாறு 'திரும்ப' முடியும்? திருப்பி அனுப்பப்பட்டவர் என்னும் பிறவினை, திரும்பியவர் என்னும் தன்வினைக்குள் ஒளிந்துகொண்டது. அவர்களுக்கு வேலையளிக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது, அது நன்மையே. இலங்கையில் அவர்களை இந்தியத் தமிழர் என்றார்கள். இங்கே வந்தபோது சிலோன்காரர் என்றார்கள்.

1983க்குப் பின் போரினால் துரத்தப்பட்டுப் படகேறி வந்தவர்களை வேறொரு சொல்லால் குறித்தோம்: அகதி. கதி இல்லாதவர் என்பது அதன் பொருள். அடைக்கலம் என்ற சொல்லில் கொடுப்பவர் கை தெரியும். அகதி என்ற சொல்லில் வெறுங்கை மட்டுமே தெரியும். 2021இல் தமிழ்நாடு அரசு அம்முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியதால் கூரை மாறுமா என்று கேட்கலாம். கூரைக்கு வேறு பணம் வேண்டும். ஆனால் முகாமிலிருந்து பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் விண்ணப்பத்தில் எந்தச் சொல் எழுதப்படுகிறது என்பதும் சிறிய செய்தி அன்று.

மீண்டும் கச்சிராயபாளையத்து மலையடிவாரத்திற்கே வருவோம். மேலே வாழும் மக்களின் கதையில் துரத்திய மன்னன் ஒருவனும் பெயரோடு நிற்கவில்லை, ஆணை இல்லை, கப்பல் இல்லை, ஆண்டுக்கணக்கும் இல்லை. அவர்களைக் கடத்தப்பட்டோர் என்று எழுத நமக்குச் சான்று கிடையாது. மூதாதையர் காஞ்சியிலிருந்து 'வந்தார்கள்' என்கின்றனர். போனார்கள் என்று சொல்வதில்லை. போனார்கள் என்று சொல்ல வேண்டுமானால் சொல்பவர் காஞ்சியில் நிற்க வேண்டும். இவர்கள் நிற்பது கல்வராயன் மலையின்மேல்.